கூடத்துப் பெட்டியும் கைப்பேசியும்



நம்ம நன்னிலத்து பாலசந்தர் தூர்தர்ஷனுக்கு 'ரயில் சிநேகம்' தந்த காலத்தில், அடுத்த பகுதிக்கு ஒரு வாரம் காத்திருக்கணும். அதற்குள் குத்தாலத்துத் திண்ணைகளில் கதையை அலசித் தீர்த்துவிடுவோம். 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி' ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கவலையை ஆண்டுக்கணக்கில் சொன்னது. இழுவைதான், ஆனாலும் வீட்டுத் தகப்பனாரும் கூட உட்கார்ந்து பார்த்தார்.

2023இல் ஓடிடியில் வந்த 'அயலி' எட்டே பகுதிகள். வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தும் ஊரில், டாக்டராகத் துடிக்கும் பெண்ணின் கதை. பழைய தொடர்களில் இந்தத் துணிச்சல் அபூர்வம். ஆனால் அதைக் கைப்பேசியில் மகள் மட்டும் தனியாகப் பார்த்தால் என்ன பயன்? பார்க்க வேண்டியவர் அடுத்த அறையில் அல்லவா இருக்கிறார்!

மாணவிகளே, இந்தப் பொங்கல் லீவில் அதை அப்பாவோடும் பாட்டியோடும் உட்கார்ந்து பாருங்க. அப்புறம் மேல்படிப்புப் பேச்சை எடுங்க.