சிறைக் கதவும் நம் இளைஞரும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பி, தீர விசாரியாமல் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். உண்மை தெரிந்ததும் அவன் உயிரே போயிற்று. அந்தக் கண்ணகியைத்தான் கண்டிப் பத்தினி தேவாலயத்தில் சிங்கள மக்களும் வணங்குகிறார்கள். ஆகவே, நீதி தவறலாகாது என்பது இந்நாட்டில் இரு சாராருக்கும் பொதுவான பாடம்.

அக்குறணையிலிருந்து கண்டிக்குப் போய்வரும் நாம் போகம்பறைச் சிறையின் மதிலைக் கண்டிருக்கிறோம். 1876இல் எழுந்த அச்சிறை 2014இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. கைதிகள் பல்லேகலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மதில் இடம் மாறிவிட்டது. மனிதர் திருந்தி வெளிவருகிறார்களா என்பதல்லவா கேள்வி?

நம் நாட்டுச் சிறைகளில் பெருந்தொகையினர் வழக்கு முடியாத விளக்கமறியற் கைதிகள். தண்டனை பெற்றோரிலும் பலர் அபராதம் கட்ட வழியற்ற ஏழைகள். இவர்களுக்காகச் சட்டம் வேறு வழியும் திறந்திருக்கிறது. 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நன்னடத்தைச் சட்டம், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் ஓர் உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விட இடந்தருகிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்யுமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம்.

ஆனால் ஒரு தோட்டத்துப் பையன் தன் குடும்ப நிலையை எந்த மொழியில் எடுத்துரைப்பான்? வழக்காளிக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை வழங்குகிறது. எனினும், அவன் சொல்வதைத் தமிழிலேயே கேட்டு, வீட்டாரிடம் விசாரித்து, அறிக்கை எழுதும் உத்தியோகத்தர் இருந்தாலன்றோ அவ்வுரிமைக்கு உயிர் வரும்? அத்தகையோர் நம்மிடையே மிகச் சிலரே.

ஆதலால் தம்பிமாரே, இதை ஒரு கல்வியாகக் கற்க முன்வாருங்கள். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் கற்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலலாம். தமிழகத்திலே சென்னைப் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் குற்றவியலைப் போதிக்கின்றன. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகளே இரண்டாண்டுப் படிப்பாக இதை நடத்துகின்றன. டாக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு கதவுகளை மட்டுமே தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். சிறைச்சாலை உத்தியோகம் என்றதும் முகஞ் சுளிக்காதீர்கள். உள்ளே போனவனை, "அவன் வினைப்பயன்" என்று கைகழுவவும் வேண்டாம். வினை உண்டு என்று சொல்லும் நம் சமயமே, நல்வினையால் மனிதன் உயரலாம் என்றும் சொல்கிறது. வழிப்பறிக்காரன் வால்மீகி முனிவரானான் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நாம், விடுதலையாகி வந்த அயலவனுக்கு ஒரு நாள் வேலை கொடுக்கத் தயங்கலாமா?

நம் சங்கம் ஒரு காரியம் செய்யட்டும். இத்துறையைக் கற்க விரும்பும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுதோறும் புத்தகச் செலவையும் பிரயாணச் செலவையும் ஏற்கட்டும். அப்பிள்ளை நாளை எழுதும் ஓர் அறிக்கை, ஒரு தாயின் மகனை வீடு சேர்க்கும்.