ஓடினால்தான் கணினி



பழைய கணினிகளைத் தேடிச் சேர்த்து, பழுது பார்த்து, ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஆர்வலர்களைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இவர்கள் வீடுகளில் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "காயலான் கடைக்குப் போடவேண்டியதை இவர் காசு கொடுத்து வாங்கி வருகிறாரே, இவருக்கு என்னதான் ஆயிற்று?" நியாயமான கேள்வி. கட்டிலுக்கு அடியில் நாலு பழைய மானிட்டர் கிடந்தால் எந்த வீட்டம்மாவுக்குத்தான் கோபம் வராது? அந்த அம்மாமாருக்குப் பதில் சொல்லவே இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செப்புச் சிலையைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைத்தாலும் அது சிலைதான். கணினிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மின்சாரம் பாய்ந்து, மென்பொருள் ஏறி, திரையில் எழுத்து வந்து நின்றால்தான் அது கணினி. இல்லாவிட்டால் தகரப் பெட்டி. அதை ஓட வைக்கப் பெட்டி மட்டும் போதாது. பிளாப்பி வேண்டும், அதைப் படிக்கும் டிரைவ் வேண்டும், கையேடு வேண்டும், எந்தக் கம்பி எங்கே போகும் என்று தெரிந்த ஆள் வேண்டும். இவை நாலும் ஒரே வீட்டில் இருந்ததாக வரலாறே இல்லை. ஆகவேதான் இந்த ஆர்வலர்கள் கூடுகிறார்கள். என்னிடம் டிரைவ் இருக்கிறது, உங்களிடம் பிளாப்பி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கணினியைப் பொறுத்தவரை, பகிர்ந்துகொள்ளாமல் பாதுகாக்கவே முடியாது.

இந்தப் பேச்சை பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பேசுவதற்குப் பொருத்தம் உண்டு. பதினெட்டாவது கிராஸைத் தாண்டி வடக்கே நடந்தால் இந்திய அறிவியல் கழகம். ஆட்டோக்காரருக்கு இன்றைக்கும் அது 'டாட்டா இன்ஸ்டிட்யூட்'தான். 1909-இல் தொடங்கிய அந்த வளாகத்தில் 1950-களிலேயே ஓர் அனலாக் கணினி ஓடியது. வகையீட்டுச் சமன்பாடுகளை மின்னழுத்தமாக மாற்றித் தீர்வு காணும் இயந்திரம் அது. அதற்குத் துணை உறுப்புகளை உருவாக்கிய மாணவர்களில் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். பிற்காலத்தில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாடம் நடத்தி, நாட்டில் ஒரு தலைமுறைக்கே ஃபோர்ட்ரான் நிரல்மொழி கற்றுக்கொடுத்த பாடநூல்களை எழுதி, 1982-இல் இங்கேயே திரும்பி வந்தவர் அவர். இங்கே வந்திருப்பவர்களில் எத்தனை பேர் எம்.சி.ஏ. படித்தவர்கள்? அந்தப் படிப்பே அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரையில் பிறந்தது.

அதே வடக்குத் திசையில் இன்னும் கொஞ்சம் போனால் ஜாலஹள்ளி, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் பெல் தொழிற்சாலை. அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முன்னின்றவர் எஸ். ரங்கராஜன். பகலில் பொறியாளர், எழுத உட்கார்ந்தால் சுஜாதா. கம்ப்யூட்டர் என்ற பெயரைக் கேட்டாலே வேலை போய்விடும் என்று தமிழ்நாடு மிரண்டிருந்த காலத்தில், அது எப்படி வேலை செய்கிறது என்று வாரப் பத்திரிகை வாசகனுக்குப் புரியும் தமிழில் சொன்னவர். ஆக, கணினிக்கும் நமக்கும் உள்ள உறவு தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் வந்த பிறகு ஏற்பட்டதில்லை. இரண்டு தலைமுறைக்கு முந்தைய உறவு.

அந்த உறவின் தடயங்கள் எங்கே? மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தானே வடிவமைத்த டிஃப்ராக் கணினி 1960-இல் இயங்கத் தொடங்கியது. 2,700 வெற்றிடக் குழாய்கள், 2,048 சொற்கள் கொள்ளும் நினைவகம். நேரு பெயர் வைத்த இயந்திரம். சில ஆண்டுகளிலேயே அது நிறுத்தப்பட்டது. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனதும், வெற்றிடத்தை நம்மவர்கள் நிரப்பினார்கள். திருச்செந்தூர்ச் சீமையில் பிறந்து கோவை பி.எஸ்.ஜி.யில் படித்த சிவ நாடார் டெல்லியில் 1976-லேயே எச்.சி.எல். தொடங்கியிருந்தார். பெங்களூரில் விப்ரோ, இன்டெல் 8086 சில்லை வைத்து சொந்த மினி கணினி செய்தது. மொஹாலியில் அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கணினியை 'யூனிகார்ன்' என்ற பெயரில் செய்தது. 1984-85-இல் பள்ளிக்கூடங்களில் கணினி அறிமுகமானபோது, கிளாஸ் திட்டத்தில் பிள்ளைகள் முதலில் தொட்டது அந்த பி.பி.சி. மைக்ரோ வகையைத்தான். இங்கிலாந்தின் இன்னொரு வீட்டுக் கணினியான சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்துக்குப் புனேயில் இந்தியப் பதிப்பே வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சின்க்ளேரின் அசல் ஸ்பெக்ட்ரம் உலகமெங்கும் 50 லட்சத்துக்கு மேல் விற்றது. அதைக் காப்பாற்ற இங்கிலாந்தில் ஆள் இருக்கிறார்கள், போலந்தில் இருக்கிறார்கள், பிரேசிலில் இருக்கிறார்கள். யூனிகார்னைக் காப்பாற்ற யார் வருவார்கள்? விப்ரோவின் பழைய மினி கணினிக்கு அமெரிக்காவில் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்தா ஆள் வரும்? நம் ஊர் இயந்திரத்துக்கு நம்மை விட்டால் நாதியில்லை.

இந்த ஆர்வலர்கள் செய்வது என்ன வேலை என்று பார்ப்போம். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு 386 கணினி கையில் கிடைக்கிறது. ஆர்வக்கோளாறில் உடனே பிளக்கைச் செருகினால் தொலைந்தது. மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் பழைய காகித கெபாசிட்டர் ஈரம் குடித்து வெடித்து, வீடு முழுக்கப் புகை. அனுபவசாலி முதலில் மூடியைத்தான் கழற்றுவார். கீபோர்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் நீலத் தோல் போர்த்திய சின்ன உருளை ஒன்று இருக்கும். கடிகாரத்துக்கான நிக்கல் காட்மியம் பேட்டரி. அது கசிந்து, சுற்றியுள்ள செம்புத் தடங்களைப் பச்சையாய் அரித்திருக்கும். பேட்டரியை வெட்டி எடுத்து, காரத்தை வினிகரால் முறித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மல்ட்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு தடத்திலும் 'பீப்' கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பீப் வராத இடத்தில் மயிரிழைக் கம்பியை வைத்து சால்டர் பண்ண வேண்டும். அப்புறம்தான் மின்சாரம். இதற்கு மாதக்கணக்கும் ஆகலாம். மாற்று சில்லு எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் எங்கோ ஓர் இழுப்பறையில் கிடக்கும். அது எந்தக் கடை என்று சொல்ல இன்னொரு ஆர்வலர் வேண்டும்.

வன்பொருளைவிட அவசரமானது மென்பொருள். ஈப்ராம் என்று ஒரு சில்லு; நடுவில் கண்ணாடிச் சாளரம், அதன்மேல் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் அழகுக்கு ஒட்டியதில்லை. புற ஊதா ஒளி பட்டால் உள்ளே உள்ள நிரல் அழிந்துவிடும். ஒளியே படாவிட்டாலும் ஆண்டுகள் பல போனால் உள்ளே உள்ள மின்னூட்டம் தானாகவே கசியும். அதனால்தான் சில்லு கிடைத்ததும் முதல் வேலையாக 'டம்ப்', அதாவது முழு நகல், எடுத்து வையுங்கள் என்று இவர்கள் தலைபாடாய் அடித்துக்கொள்கிறார்கள். பிளாப்பியும் அப்படித்தான். நம் ஊர் மழைக்கும் சென்னைப் புழுக்கத்துக்கும் காந்தப் பூச்சின்மேல் பூஞ்சை பிடிக்கும். அப்படியே டிரைவில் போட்டுச் சுழற்றினால் தட்டும் கீறும், டிரைவின் ஹெட்டும் கெடும். துடைத்து, காயவைத்து, காந்தத் தடத்தை அப்படியே படிக்கும் கருவியால் 'இமேஜ்' எடுக்க வேண்டும். ஐந்தேகால் அங்குல பிளாப்பியில் இருப்பது வெறும் 360 கிலோபைட். இன்றைய கைபேசிப் புகைப்படம் ஒன்றுக்குக்கூட அது காணாது. ஆனால் அதற்குள் ஒரு சிறுபத்திரிகையின் முழு இதழ் இருக்கலாம்.

பிளாப்பியைப் படித்துவிட்டோம், வேலை முடிந்ததா என்றால், தமிழனுக்கு இனிமேல்தான் வேலை. கோப்பைத் திறந்தால் டாலர் குறி, ஆச்சரியக் குறி, தலைகால் புரியாத எழுத்துக் குப்பை. ஏன்? டாஸ் காலத்தில் திரையில் தமிழ் வர சிலர் ஜிஸ்ட் கார்டு என்று ஒரு தனி அட்டையையே கணினிக்குள் செருகினார்கள். விண்டோஸ் வந்ததும் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு குறியாக்கம் வைத்துக்கொண்டார்கள். பாமினிக்கு ஒன்று, மயிலைக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாப், டாம் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. இணையத்தில் டிஸ்கி என்று இன்னொரு குறியாக்கம் வேறு. எந்த எழுத்துருவில் எழுதியதோ அது இல்லாமல் அந்தக் கோப்பு இல்லை. தொண்ணூறுகளில் பேஜ்மேக்கரில் கோத்த எத்தனையோ தமிழ்ப் புத்தகங்களின் மூலக்கோப்புகள் இப்படித்தான் அச்சகப் பரண்களில் வாய் செத்துக் கிடக்கின்றன.

இதற்கு மாறாகச் செய்தவர்களும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். மயிலையில் ஆரம்பித்தார்கள், டிஸ்கிக்கு மாற்றினார்கள், யூனிகோடு வந்ததும் அதற்கும் மாற்றினார்கள். அதனால்தான் இன்று உங்கள் கைபேசியில் அவை திறக்கின்றன. சங்க நூல்கள் நம் கைக்கு வந்ததும் ஏடு செல்லரிக்குமுன் அடுத்த ஏட்டில் பெயர்த்து எழுதியவர்களின் புண்ணியத்தால்தான். பெயர்த்து எழுதாவிட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டை இன்றும் புரட்டிப் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டு விழாவுக்கு 1986-இல் பி.பி.சி. கணினியும் லேசர் வட்டும் வைத்து ஒரு புதிய பதிவேடு செய்தார்கள். பதினைந்து ஆண்டுக்குள் அதைப் படிக்கும் கருவிகள் அரிதாகி, ஆய்வாளர்கள் படாத பாடு பட்டுத்தான் மீட்டார்கள். பணக்கார நாட்டுக்கே அந்தக் கதி.

இந்திய அறிவியல் கழக வளாகத்திலேயே பிறந்த ஒரு கதையையும் சொல்ல வேண்டும். சிம்ப்யூட்டர். 2001-இல் அறிமுகமான கையடக்கக் கணினி. அறிவியல் கழகத்தின் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கினார்கள். லினக்ஸ் இயங்குதளம், தொடுதிரை, ஊரே பகிர்ந்துகொள்ள ஸ்மார்ட் கார்டு, எழுத்தறியாதவருக்கு இந்திய மொழியில் வாசித்துக் காட்டும் குரல். 2004-இல் பெல் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது, அசைத்தால் உணரும் உணரியும் அதில் இருந்தது. ஐபோன் வர இன்னும் மூன்று ஆண்டு பாக்கி. சந்தையில் அது தோற்றது, உண்மை. ஆனால் அதன் வன்பொருள் வடிவமைப்பையே திறந்த உரிமத்தில் கொடுத்தார்கள். உலகம் திறந்த வன்பொருள் என்று பெரிதாகப் பேசத் தொடங்கும் முன்பே மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்தில் அதைச் செய்து காட்டிவிட்டார்கள். தோற்ற இயந்திரத்தையும் ஓடும் நிலையில் வைத்திருந்தால்தான் அடுத்து வருபவன் எங்கே சறுக்கியது என்று படித்துக்கொள்ள முடியும்.

எதிர்வாதமும் உண்டு, அதையும் பேசிவிடுவோம். பழைய கணினியில் ஈயம் இருக்கிறது, காட்மியம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், அதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கச் சொல்கின்றன. சரியான விதி. எல்லாவற்றையும் குவித்து வைப்பது பாதுகாப்பு ஆகாது, அது வெறும் பேராசை. ஒரே மாதிரி பத்து பென்டியம் உங்கள் வீட்டில் எதற்கு? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பள்ளிக்கூடத்துக்கோ உதிரிபாகம் தேடும் நண்பருக்கோ கொடுங்கள். அடுத்தது பதிப்புரிமை. நகல் எடுப்பது திருட்டாகாதா? 1976-லேயே பில் கேட்ஸ், தம்முடைய பேசிக் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள் என்று ஆர்வலர்களுக்குக் கடுமையாகக் கடிதம் எழுதினார். அந்தக் கவலை நியாயமானதே. அவர் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2014-இல் தன் பழைய எம்.எஸ்.-டாஸின் மூல நிரலைக் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வழியாக எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டது. விற்பனையில் இல்லாத பழைய நிரலை இப்படி வெளியிடுவதால் எந்தக் கம்பெனியும் ஏழையாகிவிடாது. இந்திய நிறுவனங்களும் இதைச் செய்யலாமே?

ஆகவே இந்த மேடையிலிருந்து சில வேண்டுகோள்கள். இந்த மல்லேஸ்வரத்து வீடுகளில் பெல்லிலும், ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையிலும், விப்ரோவிலும், என்.ஏ.எல். விமான ஆய்வகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பரணில் கிடக்கும் சுற்றுப்படங்களையும் கையேடுகளையும் பேப்பர்காரருக்குக் கிலோ கணக்கில் போடுவதற்கு முன், மடியில் மதர்போர்டை வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தத் தம்பிகளில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்த இயந்திரம் எப்படி ஓடியது, எங்கே மக்கர் பண்ணியது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் பதிவு செய்துகொள்ளட்டும். எழுத்தாளர்களே, பதிப்பாளர்களே, உங்கள் பழைய பிளாப்பியையும் சி.டி.யையும் இந்த ஆண்டே படித்து, யூனிகோடுக்கு மாற்றி, இரண்டு இடங்களில் நகல் வையுங்கள். கல்லூரி முதல்வர்களே, பழைய கணினி ஆய்வகத்தைக் காலி செய்யும்போது ஒரே ஓர் இயந்திரத்தை, அதன் மென்பொருளோடு, மாணவர் தொட்டு இயக்கும்படி ஒரு மூலையில் நிறுத்துங்கள். ஆர்வலர்களே, நீங்கள் சேர்த்ததை உங்களோடு முடிந்துவிட விடாதீர்கள். எந்த இயந்திரம், எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது, எப்படி ஓட வைத்தீர்கள் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

அம்மாமாரே, உங்களிடம் கடைசியாக ஒன்று. கட்டிலுக்கு அடியில் இருப்பது ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால் இருந்துவிட்டுப் போகட்டும். ஓடவில்லை என்றால், ஓட வைக்க அவருக்கு ஒரு வருஷம் கெடு கொடுங்கள். அதற்கும் ஓடவில்லை என்றால், ஓட வைக்கத் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். காயலான் கடைக்கு மட்டும் வேண்டாம்.