சிகரெட்டை விட்டவர்களுக்கு வந்த குடல்நோய்



மலத்தில் ரத்தம் போவதைப் பற்றி இந்த மேடையில் பேசப் போகிறேன். முகம் சுளிக்காதீர்கள். நம் வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னாலும் உடம்புச் சூடு, மூலம் என்று நாமே முடிவு கட்டி, மோரும் வெந்தயமும் கொடுத்து விட்டுவிடுகிறோம். செம்பனைக் குலை வெட்டப் போகிறவர் வேலை நடுவே திரும்பத் திரும்ப ஓடி ஒதுங்குவார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகும் நோய் ஒன்று உண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் நிபுணர்கள் ஆராய்ந்தபோது, மலாய்க்காரர்களையும் சீனர்களையும்விட இந்தியர்களிடமே இது அதிகம் என்று கண்டார்கள். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே அடங்காமல் குடலைத் தாக்குவதால் வரும் வீக்கம் இது.

இதில் ஒரு புதிர். 1982-ல் பிரிட்டனில் கார்டிஃப் மருத்துவர்கள் கணக்கெடுத்தபோது, இந்த நோயாளிகளில் புகைப்பவர்கள் மிகக் குறைவாக இருந்தார்கள். சிகரெட்டை விட்ட பிறகு நோய் கண்டவர்களும் உண்டு. 1994-ல் அங்கேயே 72 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நிக்கோட்டின் ஒட்டுத்தாளும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஒட்டுத்தாளும் ஆறு வாரம் கொடுத்தார்கள். நிக்கோட்டின் பெற்ற 35 பேரில் 17 பேருக்கு நோய் அடங்கியது. மற்ற 37 பேரில் 9 பேருக்கு.

ஏன் அடங்கியது? பதில் 2003-ல் நியூயார்க் பக்கத்திலிருந்து வந்தது. கெவின் டிரேசி குழுவினர், வீக்கத்தைக் கிளப்பும் மேக்ரோஃபேஜ் அணுக்களின் மேல் ஆல்ஃபா-7 என்ற நிக்கோட்டின் ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். அது ஒரு பூட்டு. மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பின் தூண்டுதலால் வெளிப்படும் அசிட்டைல்கோலின்தான் அதற்கு உரிய சாவி. அது பொருந்தியதும் அணு, டி.என்.எஃப். என்ற வீக்கப் பொருளைக் கொட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. நிக்கோட்டின் அதற்குக் கள்ளச்சாவி.

"அப்படியானால் தாத்தா வெற்றிலையோடு புகையிலை அடக்கியது சரிதானே?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை, ஐயா! மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களையே அதிகம் தாக்குகிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்துக்கு அதில் பெரும் பங்கு. பால்மரம் வெட்டிய எத்தனை பாட்டிமார் அப்படிப் போனார்கள்! குரோன்ஸ் என்ற இன்னொரு குடல்நோயைச் சிகரெட் மோசமாக்குகிறது. முடக்குவாதம் வரும் ஆபத்தையும் கூட்டுகிறது. வேப் பிடிக்கும் தம்பிமார்களே, நிக்கோட்டின் நல்லது என்று இந்தப் பேச்சைக் கேட்டு வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அடங்கியவர்களுக்குத் தொடர்ந்து ஒட்டுத்தாள் கொடுத்துப் பார்த்ததில், அது நோயைத் திரும்ப வராமல் தடுக்கவில்லை.

ஆகவேதான் ஆய்வாளர்கள் புகையிலையை விட்டுவிட்டு ஏற்பியைப் பிடித்துக்கொண்டார்கள். கடல்புழு ஒன்றின் நஞ்சை ஒட்டி, அந்த ஏற்பியைத் தூண்டும் ஜி.டி.எஸ்.-21 என்ற மருந்தை உருவாக்கினார்கள். நெதர்லாந்தில் நலமான தொண்டர்களிடம் சோதித்தபோது வெற்று மருந்தைவிடப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ரத்தத்தில் மருந்து அதிகம் ஏறியவர்களிடம் மட்டும் டி.என்.எஃப். குறைந்திருந்தது. ஆல்ஃபா-7 மூளையிலும் இருக்கிறது. அதனால் மூளையைத் தொந்தரவு செய்யாமல் எதிர்ப்பு அணுவை மட்டும் தொடும் மருந்து செய்வது கடினம். இன்னொரு வழியாக, வேகஸ் நரம்பையே மின்சாரத்தால் தூண்டும் கருவிக்கு 2025 ஜூலையில் அமெரிக்கா முடக்குவாதத்துக்காக அனுமதி கொடுத்திருக்கிறது. இந்தத் தேடல் வெல்லும் என்று நான் மனதார நம்புகிறேன்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மெசலாசின் போன்ற மருந்துகள் இன்றே இருக்கின்றன. அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். எத்தனை வாரமாக ரத்தம் போகிறது, எடை எவ்வளவு குறைந்தது என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனைக்குக் கடிதம் கேளுங்கள். ரத்தம் நின்றதும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கார் வைத்திருக்கும் இளைஞர்களே, தோட்டத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களைத் தேதி தவறாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக இன்றைக்கே உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.