தறிக்குழியும் கல்லூரியும்

தறிக்குழியில் கால் வைக்கலாகாது என்று என் பாட்டனார் தம் பிள்ளைகளுக்கு ஆணையிட்டிருந்தார். அவர் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்தவர். என் தந்தையார் படித்துத் தேறி, 1974-ஆம் ஆண்டில் மத்திய அரசு வேலையில் தில்லிக்கு வந்ததற்கு அந்த ஆணையே முதற்காரணம். நானும் கலைப் பட்டம் பெற்று, அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக அமர்ந்தேன். இரண்டு தலைமுறைகளாக எங்கள் குடும்பத்தில் எவருடைய காலும் மிதிகட்டையைத் தொடவில்லை. அப்படியிருக்க, பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் என் மகள், "அப்பா, நான் கல்லூரியில் துணி வடிவமைப்புப் படிக்க விரும்புகிறேன்" என்றாள்.

தையற்கலையைத்தான் சொல்கிறாள் என்று முதலில் எண்ணினேன். சொற்களோடு மாரடிப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்படியொரு தடுமாற்றம் வந்திருக்கக் கூடாது. 'பேஷன்' என்பதை நவநாகரிகம் என்று பெயர்த்தால் கேலி தொனிக்கிறது. ஆடை அலங்காரம் என்றாலோ நாடகக் கொட்டகை நினைவுக்கு வருகிறது. மகள் எளிதாக விளக்கிவிட்டாள். துணி கையில் வந்த பிறகு அதை எப்படி வெட்டி உடையாக்குவது என்பது ஒரு படிப்பு. அந்தத் துணியே எப்படிப் பிறக்க வேண்டும், எந்த நூல், எந்த நெசவு, எந்தச் சாயம் என்று தீர்மானிப்பது வேறு படிப்பு. அவள் விரும்பியது பின்னது.

இப்படிப்புகளுக்கு நம் நாட்டில் நெடிய வரலாறு இல்லை. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின் பேரில் இங்கு வந்து, 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். நம் வீட்டுச் செம்பை அவர்கள் அதில் வியந்து பேசினர். தனியொருவர் வரைந்து செய்ததன்று அது. பல தலைமுறைகளின் கையில் தேய்ந்து தேறிய வடிவம் என்பது அவர்கள் கருத்து. அந்த அறிக்கையின் பயனாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. 'நிஃப்ட்' என்று வழங்கும் மற்றொரு தேசிய நிறுவனம் 1986-இல் தில்லியில் தொடங்கப்பட்டு, இன்று சென்னை உட்படப் பல நகரங்களில் இயங்குகிறது.

நிஃப்டின் நான்காண்டு வடிவமைப்புப் பட்டத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இன்ன பாடம் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆடைத் தொழில்நுட்பப் பட்டத்துக்குத்தான் கணிதம் வேண்டும். நுழைவுத் தேர்வில் பொது அறிவோடு வரையும் திறனையும் சோதிக்கிறார்கள். அதில் தேறியவர்களிடம் காகிதம், கம்பி போன்ற பொருள்களைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் ஒன்றைச் செய்து காட்டச் சொல்கிறார்கள். கட்டணம் இலட்சக் கணக்கில் ஆகிறது என்பதை மறைப்பதற்கில்லை. கைவினைஞர்களின் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் உண்டு. அதற்கு அரசு வழங்கிய கைவினைஞர் அடையாள அட்டை வேண்டும். தறியை விட்டு ஓடி வந்த எங்களிடம் அந்த அட்டை ஏது?

கட்டணத்தைப் பற்றி நான் கவலைப்பட்டேன். என் தந்தையாரின் மறுப்பு அதனினும் ஆழமானது. காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும்: வலக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, இடக் கரைக்கு ஒன்று. நெய்பவர் ஒருவரே மூன்றையும் வீசுதல் கடினம். பக்கத்தில் ஓர் உதவியாள் அமர வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உதவியாள் எட்டு வயதில் என் தந்தையார். ஓராண்டுக் காலம் அவர் பள்ளியின் வாசலை மிதிக்கவில்லை. ஒரு நாள் நாடாவைக் கையில் பிடித்தபடியே பிள்ளை உறங்கிச் சாய்ந்ததைக் கண்ட பிறகுதான் பாட்டனார் அந்த ஆணையைப் பிறப்பித்தார்.

"நாங்கள் வயிற்றுக்காக நெய்தோம். இவள் பணம் கட்டி நெய்வாளா? கோடு வரைந்தவருக்குப் பெயர், நெய்தவனுக்குக் கூலி. அதைத்தானே அந்தக் கல்லூரியில் கற்றுத் தருகிறார்கள்?" என்று தந்தையார் கேட்டார். 2019-20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அத்தனை பேரில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? என் மகளால் மறுமொழி கூற முடியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆயினும் அவள் தேர்வு எழுதினாள், இடமும் கிடைத்தது.

முதலில் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தவை கட்டம் போட்ட தாள்கள். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். பாவு மேலே வந்தால் கட்டத்தை நிரப்ப வேண்டும். ஊடை மேலே வந்தால் வெறுமையாக விட வேண்டும். சாதா நெசவில் அது சதுரங்கப் பலகையைப் போலத் தோன்றும். கட்டங்கள் படிப்படியாக நகர்ந்தால் ஜீன்ஸ் துணியில் காணும் சரிவுக் கோடு பிறக்கும். அங்குலத்துக்கு 60 இழை வீதம் 48 அங்குல அகலத்துக்குப் பாவு ஓட்ட 2,880 இழைகள் வேண்டும். ஒன்று அறுந்தாலும் துணி முழுதும் அதன் வடு நீளும். சித்திரம் வரைவதே படிப்பு என்றிருந்த நான், இரவு நெடுநேரம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு வியந்தேன்.

இரண்டாம் ஆண்டில் கோர்வையைப் பற்றி ஒரு கட்டுரையும் வரைபடமும் அளிக்க வேண்டியிருந்தது. மேசைமேல் கிடந்த தாளை என் தந்தையார் தாமாகவே எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்து, கரையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு வட்டம் போட்டார். "இங்கே இரண்டு ஊடைகளும் ஒன்றையொன்று பற்றவில்லை. இப்படி நெய்தால் கரை தனியே பிரிந்துவிடும்" என்று சொல்லி, இடக்கையை நீட்டி, நாடா திரும்பும் விதத்தைக் காற்றில் காட்டினார். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கை அதைச் செய்ததில்லை.

மகள் அந்த இடத்தை அழித்து மறுபடி வரைந்தாள். "தாத்தா, திருத்தியவர் என்று உங்கள் பெயரைப் போடட்டுமா?" என்று கேட்டாள்.

"எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெயரைப் போடு" என்றார்.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். கொள்ளுப்பாட்டனார் பெயரைத் தமிழில் பிழையின்றி எழுதித் தரும்படி தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.