முப்பது காதம்

(இணையவழி இலக்கியக் கூடுகையில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் பலருக்கு இப்போது மாலை ஆறு மணி. இங்கே ஆக்லாந்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், அதனால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவேன். கேட்கவில்லை என்றால் நண்பர்கள் எழுதித் தெரிவியுங்கள்.

நான் எழுத்தாளன் இல்லை. நில அளவையாளன். தூரத்தை அளப்பதுதான் என் தொழில். இந்தக் கூட்டங்களில் மூன்று ஆண்டுகளாகப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன். "பாலைவனத்தில் ஓடியிருக்கிறீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று அமைப்பாளர் கேட்டபோது, "ஓடினது கொஞ்சம், நடந்ததுதான் அதிகம்" என்றேன். "அதையே பேசுங்கள்" என்றார். அதனால் இன்று ஒரு நடையைப் பற்றிப் பேசுகிறேன். உண்மையில் மூன்று நடைகள். ஒன்று என்னுடையது, ஒன்று என் அம்மாவுடையது, ஒன்று சிலப்பதிகாரத்தில் வருவது.

எனக்கு ஊர் விராலிமலைப் பக்கம். கொடும்பாளூர் எங்களுக்குச் சைக்கிளில் போகும் தூரம். அங்குள்ள மூவர் கோயிலைச் சின்ன வயதில் விளையாட்டு இடமாகத்தான் தெரியும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அந்த வழியாகத்தான் மதுரைக்குப் போனார்கள் என்று பள்ளியில் தமிழாசிரியர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. எங்கள் ஊர் வழியாக யாராவது எங்கேயாவது போவார்களா என்று.

காடுகாண் காதையில் அவர்களுக்கு வழி சொல்கிறவர் மாங்காட்டு மறையவர். கொடும்பாளூர்க் குளக்கரைக்கு அப்பால் வழி மூன்றாகப் பிரியும் என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கும் என்று விவரிக்கிறார். பாலை என்றால் என்ன என்பதும் அவர் வாயிலாகத்தான் வருகிறது. கோடையில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை ஆகிவிடும் என்கிறார். அதாவது காடும் மலையும் வறண்டால் பாலை. எங்கள் ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்திரையில் வீட்டு வாசலில் நின்றாலே தெரியும்.

சரி, நான் ஏன் ஓட ஆரம்பித்தேன்? 2021 மே மாதம் அம்மா தவறிப்போனார். இரண்டாம் அலை. அந்த ஏப்ரல் 11 முதல் 28 வரை இந்தியாவிலிருந்து யாருமே நியூசிலாந்துக்குள் வர முடியாது என்று இருந்தது. அதன்பிறகும் குடியுரிமை உள்ளவர்கள், அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தினர் போன்றவர்கள்தான் அங்கிருந்து வரலாம். நான் அப்போது குடியுரிமை வாங்கியிருக்கவில்லை. போகலாம், திரும்பி வர முடியாது. நான் சட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. வேலை, இரண்டு பிள்ளைகள், வீட்டுக்கடன், இத்தனையும் இருந்தது. பயமும் இருந்தது. நான் போகவில்லை. அம்மாவைக் கொண்டுபோனதை அக்கா மகன் கைப்பேசியில் காட்ட, நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

அந்த ஆகஸ்ட் 17 அன்று ஆக்லாந்து மறுபடி அடைக்கப்பட்டது. 100 நாளுக்கு மேல். வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கலாம், ஓடலாம், அவ்வளவுதான் அனுமதி. நான் இருப்பது மவுண்ட் ராஸ்கில். கொஞ்ச தூரத்தில் ஓவைராக்கா. அங்கே ஆர்தர் லிட்யார்ட் என்று ஒருவர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பயிற்சியாளருக்கென்று எதையும் படித்தவர் அல்ல. தன் உடம்பையே சோதனைக்கு வைத்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார். முதலில் மாதக்கணக்கில் நீண்ட தூரம், நிதானமாக. வேகம் அப்புறம். பக்கத்துத் தெருப் பையன்களை வைட்டாக்கரே மலைச் சாலையில் 22 மைல் ஓட வைத்தார். 800 மீட்டர் ஓடுகிறவனுக்கும் அதே 22 மைல். 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய பையன்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே பிற்பகலில் தங்கம் வாங்கினார்கள். பிறகு அவர் நடுவயதைத் தாண்டியவர்களையும் ஓட வைத்தார். பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும் என்றார். அமெரிக்காவிலிருந்து வந்த பில் பவர்மேன் 1962-இல் இங்கே பார்த்துவிட்டுப் போய்த்தான் ஆரகனில் மெல்லோட்டத்தைப் பரப்பினார். இன்று சென்னைக் கடற்கரையில் காலையில் மெதுவாக ஓடுகிற மாமாக்களுக்கும் அந்தச் செருப்புத் தொழிலாளிக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

நான் அந்த 22 மைலை முழுதாக ஓடி முடிக்க ஒரு வருடம் ஆனது. அப்போதுதான் மொராக்கோவில் நடக்கும் மாரத்தான் டெ சாப்ல் பற்றிப் படித்தேன். பேட்ரிக் பாவர் என்ற பிரெஞ்சுக்காரர் 1984-இல் தனியாகச் சகாராவில் 350 கிலோமீட்டர் நடந்தார். இரண்டு வருடம் கழித்து 1986-இல் 23 பேரை வைத்து அதை ஒரு போட்டியாக நடத்தினார். இப்போது ஆயிரம் பேர் வருகிறார்கள். ஏறத்தாழ 250 கிலோமீட்டர், ஒரு வாரம், ஆறு கட்டங்கள். சாப்பாடு முழுவதும் நம் முதுகில். தண்ணீரும் கூடாரமும் மட்டும் அவர்கள் தருவார்கள். பையின் எடை தண்ணீர் இல்லாமல் 6.5 கிலோவுக்குக் குறையக்கூடாது, 15-ஐத் தாண்டக்கூடாது. நாளொன்றுக்கு 2000 கலோரிக்குக் குறையாத உணவு இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் விடுவார்கள். எல்லோருக்கும் பின்னால் ஒட்டகங்கள் நடந்து வரும். அவை நம்மைத் தாண்டிவிட்டால் நம் கதை முடிந்தது.

பயிற்சிக்கு டெ ஹெங்கா போவேன். அங்கே வைனாமு ஏரிக்கரையில் கறுப்பு மணல்மேடுகள் உண்டு. இரும்புத்தாது கலந்த மணல், ஜனவரி வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது. பையில் பத்து கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்குவேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

2023 ஏப்ரலில் போனேன். மணலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நாம் நினைப்பதுபோல் அது முழுக்க மணலும் இல்லை. பாதிக்கு மேல் கல். காய்ந்த ஏரிப்படுகை, சரளை, செங்குத்தான பாறைமலை. ஓரிடத்தில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. உச்சியில் நின்று பார்த்தபோது எனக்குத் தோன்றியது, மறையவர் சொன்னது சரிதான் என்று. மலையும் காடும் கெட்டுப்போன இடம். மூன்றாம் நாள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். கூடாரத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையாகப் படுத்துக் காலுக்கு மருந்து போட்டுக்கொள்வோம். யார் எந்த நாடு என்பதெல்லாம் போய், யார் பாதம் எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் பேச்சு.

நான்காம் நாள் நெடும்பகுதி. 80 கிலோமீட்டருக்கு மேல். பகலும் இரவும் போய்க்கொண்டே இருக்கலாம், முப்பது மணி நேரத்துக்கு மேல் அவகாசம் உண்டு. என் போன்றவர்கள் இரவை நம்பித்தான் இருப்போம். கோவலனும் அதைத்தான் செய்கிறான். புறஞ்சேரி இறுத்த காதையில், கண்ணகி வெயில் தாங்கமாட்டாள் என்று நிலவில் நடக்கலாம் என்கிறான். அம்மாவும் அப்படித்தான். ஒவ்வொரு சித்திரையிலும் ஊர்க்காரர்களோடு சமயபுரத்துக்கு நடந்து போவார். ஏறத்தாழ 45 கிலோமீட்டர். சாயங்காலம் கிளம்பி இரவெல்லாம் நடப்பார்கள். "உக்காந்தா கால் கட்டிக்கும்யா, நின்னு மூச்சு வாங்கு" என்பார். பத்து வயதில் ஒருமுறை கூடப் போனேன். எவ்வளவு தூரம், எவ்வளவு தூரம் என்று கேட்டு அவர் உயிரை வாங்கினேன்.

அன்று இரவு பதினொரு மணி இருக்கும். முதுகுப்பையில் மாட்டிய ஒளிக்குச்சிகள் முன்னால் மின்மினி மாதிரி போய்க்கொண்டிருந்தன. வழியோரம் ஓர் இளைஞன் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். ஐரோப்பியன், என் மூத்த பையனைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். அடுத்த சாவடி எவ்வளவு தூரம் என்று கேட்டான். எனக்குத் தெரியும். கையேடு என்னிடம் இருந்தது, தொழிலும் அதுதான். 9 கிலோமீட்டர். அவன் முகத்தைப் பார்த்தேன். "பக்கம்தான். 4 கிலோமீட்டர்" என்றேன்.

அவன் எழுந்துவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருவனை எழுப்பி நடக்க வைத்துவிட்டோம் என்று. பேசிக்கொண்டே போனோம். அவன் தண்ணீரைத் தாராளமாகக் குடித்தான், தலையிலும் ஊற்றிக்கொண்டான். ஐந்து கிலோமீட்டர் தாண்டியும் சாவடி விளக்கு தெரியவில்லை. நின்றான். என்னைப் பார்த்தான். நான் உண்மையைச் சொன்னேன். அவன் கத்தவில்லை. "9 என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே ஒரு மணி நேரம் படுத்திருப்பேன். தண்ணீரை மிச்சம் வைத்திருப்பேன்" என்றான். அவ்வளவுதான். பிறகு மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். என் தண்ணீரைக் கொடுத்தேன், வயிற்றில் நிற்கவில்லை. அவனுடைய கருவியில் இருந்த உதவிப் பொத்தானை நாங்கள் இருவரும் சேர்ந்து அழுத்தினோம். வண்டி வந்து மருத்துவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் போட்டி அங்கே முடிந்தது.

நான் தொடர்ந்து நடந்தேன். அந்த இரவில்தான் இரண்டு வருடமாக யோசிக்காமல் தள்ளிவைத்திருந்தது வந்து நின்றது.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் கைப்பேசியில் கேட்டார், "எப்பய்யா வருவ?" எனக்கு எல்லாம் தெரியும். விதிமுறையை வரிவரியாகப் படித்திருந்தேன். "பத்து நாள்ல வந்துருவேன்மா, டிக்கெட் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னேன் என்றுதான் எல்லோரும் நினைப்போம். காரியமெல்லாம் முடிந்தபிறகு அக்கா ஒருநாள் சொன்னார், கோபமே இல்லாமல். "திருச்சிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்மான்னு நான் சொன்னேன் தம்பி. அவன் வந்துரட்டும், அவன் வந்து கூட்டிட்டுப் போவான்னாங்க. ரெண்டு நாள் அப்படியே போச்சு."

அந்த இரண்டு நாள் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அந்த மே மாதத்தில் படுக்கை கிடைத்திருக்குமா என்பதும் தெரியாது. ஆனால் அவர் தன் தண்ணீரை என் பேச்சை நம்பிச் செலவு செய்தார். அது தெரியும்.

இப்போது சிலப்பதிகாரத்துக்கு வருகிறேன். நாடுகாண் காதை. புகாரைவிட்டுக் கிளம்பி ஒரு காவதம்தான் வந்திருப்பார்கள். கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே சொல்கிறான், நம் நாட்டுக்கு அப்பால்தான், பக்கம்தான் என்று. தூரத்தையும் சொல்கிறான். ஆனால் முப்பது காதம் என்று நேராகச் சொல்லவில்லை. ஆறையும் ஐந்தையும் பக்கத்தில் வைத்துச் சொல்கிறான். பெருக்கினால் முப்பது. களைத்தவள் காதில் ஐந்தாறு என்றும் விழும். இன்றைய சாலையில் பூம்புகாரிலிருந்து மதுரை 250 கிலோமீட்டருக்குக் குறையாது. நான் போன போட்டியின் மொத்தத் தூரம்.

பள்ளியில் இதை அன்பு என்று படித்தேன். மனைவி சோர்ந்துவிடக் கூடாது என்ற பரிவு. இருக்கலாம். ஆனால் அந்த நடைக்குக் காரணமே அவன்தான். உண்மைத் தூரத்தைச் சொன்னால், ஏன் நடக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டிவரும். சின்ன தூரமாகச் சொன்னால் அவனுக்கும் நடப்பது எளிது. என் இரண்டு பொய்களும் அப்படிப்பட்டவைதான். அந்தப் பையன் முகத்தையும் அம்மா குரலையும் தாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. ஆறுதல் எனக்குத்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். அகநானூற்றின் 400 பாட்டில் 200 பாலைப் பாட்டு. அவற்றில் எத்தனையோ பாட்டில் பாலையை விவரிப்பவர் பாலையில் இல்லை. வீட்டில் இருக்கும் தலைவி சொல்கிறாள், தோழி சொல்கிறாள். அவன் போகும் வழியில் இப்படி வெயில், இப்படிக் கல், இப்படி யானை என்று. அவர்கள் அங்கே போனதில்லை, ஆனாலும் தூரத்தைக் குறைத்துச் சொல்வதே இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு உண்மைத் தூரம் தெரியும் என்றுதான் அந்தக் கவிஞர்கள் நினைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் தெரிந்திருக்குமோ என்று சில நேரம் தோன்றும். தெரிந்திருந்தும் என் பேச்சுக்காகக் காத்திருந்தாரோ.

போட்டியை முடித்தேன். ஒட்டகங்களுக்குக் கொஞ்சம் முன்னால். பதக்கம் உள்ளே எங்கோ இருக்கிறது.

2024 சித்திரையில் ஊருக்குப் போய் அக்காவோடு சமயபுரத்துக்கு நடந்தேன். ஸ்ரீரங்கத்தைத் தாண்டும்போது விடியவில்லை. கூட வந்த ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "இன்னும் எவ்வளவு தூரம் அத்தை?" நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார், "கொள்ளிடம் பாலம் தாண்டணும்டா. அதுக்கப்புறமும் ரொம்ப தூரம் இருக்கு. உக்காரு, தண்ணி குடிச்சிட்டுப் போவோம்."

அந்தப் பெண் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே எழுந்தாள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.