சபையின் நடுவே ஸ்தோத்திரம்

(சங்கத்தாரின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கடவுளை வீட்டினுள் அமைதியாய்த் துதித்தால் போதாதோ? சபையின் நடுவிலும் வீதியிலும் வாய்திறந்து துதிப்பது எதற்கு? அதிலும் கஷ்டகாலத்தில் அது எங்ஙனம் இயலும்? இவ்வினாக்கள் நம் குடும்பங்களில் அடிக்கடி எழுவனவாதலின், இவற்றையே இன்று பேசத் துணிந்தோம். இது கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றிய விஷயமே. எனினும் ஒரே குலத்திற் பிறந்து, இரு மார்க்கங்களைக் கைக்கொண்டு, ஒரே பந்தியில் உண்ணும் நம்மில் மற்றையோருக்கும் இது அந்நியமானதன்று. வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவில் நேர்ச்சை செய்துகொண்டோர் ஊரறிய அக்கினிச்சட்டி ஏந்திச் செல்வதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். துன்பத்தைப் பெட்டியிற் பூட்டி வையாமல், தெய்வ சந்நிதியில் ஊரார் காணக் கொண்டுசெல்லுதல் நம் தேசத்தாருக்குப் புதிதன்று.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நம்முடைய மனத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் பிரார்த்தனையைப் போலத் தைக்கும் வேதபாகம் வேறொன்றில்லை. திராட்சைக்கொடி பலன் கொடாமல், வயல் பொய்த்து, தொழுவமும் வெறுமையாகிய காலத்திலும் தேவனில் மகிழ்வேன் என்று அவர் பாடினார். திராட்சை பொய்த்தல் என்பது இன்னதென்று நமக்கு ஒருவர் விளக்கவேண்டுவதில்லை. நம் பன்னீர்த் திராட்சையை 1832-ல் பிரெஞ்சு தேசத்துக் குருவானவர் ஒருவர் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவந்தார் என்பர். 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு என்னும் பெருமையும் கிடைத்தது. ஆனால் பெருமை கடனை அடைப்பதில்லை. பந்தலுக்கும் கூலிக்கும் மருந்துக்கும் கடன் வாங்கி, கவாத்துச் செய்து காத்திருந்து, பழம் நிறங்கொள்ளும் தறுவாயில் மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடித்துப்போம். அடிச்சாம்பல் நோய் கண்டாலோ இலையோடு கொத்தும் வீணாம். விலைபேச வந்த வியாபாரி தோட்டத்து வாசலோடு திரும்பிப்போவான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். தீர்க்கதரிசி தமது நஷ்டத்தை நஷ்டமல்லவென்று சொல்லவில்லை. கணக்கர் ஏட்டில் எழுதுவது போல இது போயிற்று, அதுவும் போயிற்று என்று ஒவ்வொன்றாய் எண்ணிச் சொல்லிய பின்னரே துதிக்கத் தொடங்குகிறார். இது முதலாவது. அந்தப் பிரார்த்தனையின் கடைசி வாக்கியம் இராகத் தலைவனுக்கு எழுதிய குறிப்பாய் முடிவது இரண்டாவது. அஃதாவது, தனியொரு மனிதர் பட்ட பாடு, வாத்தியங்களோடு சபையார் கூடிப் பாடும்பொருட்டுப் பாட்டுத் தலைவரின் கையில் ஒப்புவிக்கப்பட்டது. இருபத்திரண்டாம் சங்கீதமும் இப்படிப்பட்டதே. தேவனால் கைவிடப்பட்டேன் என்ற கதறலோடு ஆரம்பிக்கும் அது, சபையின் நடுவே துதிக்கும் துதியாய் மாறுகிறது. கதறலை நீக்கிவிட்டுத் துதியை மாத்திரம் பாடுவோமென்றால் சங்கீத புஸ்தகத்தில் பாதி கிழிந்துபோம் என்பது நம் எண்ணம்.

இனித் தமிழ்ச் சபையார் இவ்வாறு கூடிப் பாடக் கற்றுக்கொண்ட வகையைச் சற்று நினைப்போம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பாளையங்கோட்டையிற் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் வளர்க்கப்பட்டு, பெத்லகேம் குறவஞ்சி முதலியன பாடியவர். 1829-ம் ஆண்டையொட்டிப் புதிதாய் வந்த மிஷனரிமாரோடு உண்டான வழக்கில் அவர் தம் உத்தியோகத்தை இழந்தார். அவ்வழக்கில் கீர்த்தனை ஒரு விஷயம், ஜாதி மற்றொரு விஷயம். ஆலயத்தில் ஜாதிப் பிரிவினையை அவர் ஆதரித்ததை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஒரு குலத்தாரின் சங்கத்தில் நின்றுகொண்டே இதைச் சொல்லுகிறோம். ஆயினும் நம் நாட்டு ராகதாளங்களில் கர்த்தரைப் பாடுவதை, பிழைப்பு போனபோதும், அவர் விட்டாரில்லை.

அப்பாடல்கள் நம் பக்கத்திற்கு வந்தது எப்படியெனில், 1834-ல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் கீர்த்தனைகளைத் திரட்டி 1853-ல் அச்சிட்டார். அத்திரட்டில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. பெரியகுளமும் அந்த மிஷனின் ஸ்தலங்களில் ஒன்றாயிருந்தது. அந்நிய மெட்டுக்கு அளவெடுத்து மொழிபெயர்த்த பாட்டுக்களில் குறில் நெடிலாகவும் நெடில் குறிலாகவும் இழுபட்டு, புஸ்தகம் படிக்கத் தெரிந்தவரே வாயசைப்பர். கீர்த்தனையோ அப்படியன்று. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் பல்லவியை வாங்கிப் பாடுவர். எழுத்தறியாத பாட்டியும் இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்வாள். இம்முறையில் இன்னொரு நன்மையும் அடங்கியிருக்கிறது. துக்கத்தால் தொண்டை அடைத்து ஒருவர் பாடமாட்டாமல் நிற்பாராயின், பக்கத்திலிருப்பவர் பல்லவியைத் தாங்கிக்கொள்வார். பாட்டு அறுபடாது. அவருக்குக் குரல் திரும்பியபோது, விட்ட இடத்திற் சேர்ந்துகொள்ளலாம். வீட்டுக்குள் தனியே துதிக்கிறவருக்கு இந்த ஒத்தாசை ஏது?

இது வெறும் யுக்தியன்று, நாமே அனுபவத்தில் கண்டது. 2020-ம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி முதல் ஊரடங்கு வந்தது. ஏப்பிரல் 12-ந் தேதி ஈஸ்டர் பண்டிகை சபைகூடாமலே கழிந்தது. இராயப்பன்பட்டிப் பனிமய மாதா ஆலயமாயினும், அனுமந்தன்பட்டிப் பரிசுத்த ஆவி ஆலயமாயினும், தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களாயினும் யாவற்றிற்கும் அந்த நிலைமையே. கைப்பேசியில் ஆராதனையைப் பார்த்தோம். ஜெபத்திற்குக் குறைவில்லை. ஆனால் அக்காலத்தில் பிரேதத்தை அடக்கம்பண்ணின வீட்டார் பலர், சபையார் கூடி ஒரு கீர்த்தனையாவது பாடி அனுப்ப முடியவில்லையே என்றுதான் மனம் நொந்தனர்.

ஆகவே பகிரங்கத் துதி துன்பப்படுகிறவரின் தலையில் ஏற்றும் பாரமாய் இருத்தலாகாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பார்த்து, ‘அல்லேலூயா சொல்லம்மா’ என்று வற்புறுத்துவோர் யோபுவின் சிநேகிதரைப் போன்றவர். சாட்சி சொல்லுகிறோம் என்று எழுந்து, வந்த லாபத்தை மாத்திரம் பட்டியலிட்டு, இருக்கிற கடனை மறைப்பது துதியன்று, விளம்பரம். ஒலிபெருக்கியைத் தெருமுனையிற் கட்டி இராமுழுதும் முழக்குவதையும் நாம் ஆதரியோம். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியிற் பாடினர், உண்மையே. ஆனால் மற்றக் காவலறைகளில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறதேயன்றி, காதைப் பொத்திக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கவில்லை.

கடைசியாக, நம் சபைகளில் நடைபெறும் அறுப்பின் பண்டிகையைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லும் வாழைத்தாரும் திராட்சைக் கூடையும் ஆலயத்திற் கொண்டுவந்து படைத்து, பின்பு ஏலமிடுகிறோம். விளைந்தவர் முன்வரிசையில் நிற்கிறார். விளையாதவரோ வெறுங்கையோடு வர வெட்கி அன்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். பின்னும் இரண்டொரு ஞாயிறு வாரார். அப்பால் குடும்பமே நின்றுவிடுகிறது. கடன்காரர் பார்ப்பாரே என்ற அச்சமும் அதற்கொரு காரணம். ஆபகூக்கின் பாட்டு அந்த நாளில் வாசிக்கத் தக்கது. பண்டிகைக்கு முந்தின வாரத்தில், பலன் தவறிய வீடு இன்னின்னவென்று மூப்பர்கள் விசாரித்து, தாங்களே நேரிற்போய் அழைத்துவருவார்களாக. அவருடைய தோட்டத்தில் பழம் இல்லாவிடில், கருகிய கொடியில் ஒரு கிளையை ஒடித்து வரட்டும். படைப்பின் நடுவே திராட்சைக் கூடைகளோடு அதையும் வைப்போம். ஏலத்தில் அதற்கு விலை கேட்பவர் யாரென்று பார்ப்போம். முதல் விலை கூற நம் சங்கத்தாரில் ஒருவர் எழுந்திருப்பாரென்று நம்புகிறோம்.