கம்பெனிக்கு வரிச்சலுகை, பள்ளிக்கூடத்துக்கு எங்கே காசு?



"இலவசக் கல்விதானே ஐயா, பிறகு பரீட்சைத் தாள் அடிக்க எதுக்குக் காசு கேட்கிறாங்க?" என்று போன வாரம் ஒரு தாய் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். ஆனால் ஆசிரியர் சம்பளம், பாடப்புத்தகம் எல்லாம் வரிப்பணத்தில்தான் வருகிறது. அந்த வரியில்தான் ஓட்டை.

1978இல் கட்டுநாயக்க வலயம் தொடங்கியபோது, வரும் கம்பெனிகளுக்குப் பல வருடம் வருமான வரி இல்லை என்றார்கள். நம் பிள்ளைகளும் அங்கே போய் உழைத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். 2008இல் வந்த சட்டம் பெரிய திட்டங்களுக்கு 25 வருடம் வரை விட்டுக்கொடுத்தது. 2021இன் கொழும்புத் துறைமுக நகரச் சட்டத்தில் 40 வருடம் வரை! இன்று முதலாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்து, அதுவும் படிப்பை முடித்துவிடும்.

அங்கே விட்டதை இன்னொருவர் கட்ட வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரியில் வற் வரியை 18 வீதமாக்கினார்கள். கடையில் சவர்க்காரம் வாங்கும்போது நாமும் அதைக் கட்டுகிறோம். அதற்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் கொடுக்கிறோம்.

சலுகையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கு வேண்டும். நம் பங்குக்கு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்க. அரசாங்கக் காசு இந்த வருடம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்க. வேலை நாளில் கூட்டம் வைத்தால் நமக்குப் பேர் போகும். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லுங்க. நாங்களும் வருகிறோம்.